கல்லூரிப் படிப்பும் எழுத்தும்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசு கலைக் கல்லூரிகளிலும், பைசுஅள்ளியில் உள்ள பெரியார் பல்கலைக்கழக முதுநிலை விரிவாக்க மையத்திலும் படிக்கிறவர்களில் பலர், தங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அசைன்மென்ட் எப்படி எழுதுவது, ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிப்பது என்று வீட்டில் யாரையும் கேட்க முடியாது. வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சம். வகுப்பு முடிந்த பிறகு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று அவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கலை, அறிவியல், வணிகவியல் எல்லாருக்கும் பொதுவானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். படித்த பக்கத்தை மூடி வைத்துவிட்டு, புரிந்ததைச் சொந்தமாக ஒரு வாக்கியத்தில் எழுத முடிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வாக்கியத்தை எட்டுவதற்கான வழிகள்.

பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது புத்தகம் எல்லாம் ஆங்கிலம். எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை. ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கிறது, மின்தடை எதைச் சார்ந்தது, பணவீக்கம் கூடினால் கூலி வேலை செய்கிறவர் வீட்டில் என்ன ஆகும் என்பதெல்லாம் உங்களுக்குத் தமிழில் தெரியும். அவற்றைச் சொல்லும் ஆங்கிலம்தான் பழகவில்லை. சில மாதங்களில் அதைப் பழகிக்கொள்ளலாம்.

அதற்கு நல்ல வழி ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. இரண்டிலும் பாடம் ஒன்றே, பத்திகளின் வரிசையும் பெரும்பாலும் ஒன்றே. இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பள்ளியில் நீங்கள் நன்றாகப் படித்த பாடம் ஒன்றின் ஆங்கிலப் பதிப்பை எடுத்து, தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துப் படியுங்கள். பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் கவனம் முழுவதும் மொழியில் நிற்கும். முதல் செமஸ்டரில் தினம் இரண்டு பக்கம் போதும்.

படிக்கும்போது சொற்களை இரண்டு வகையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் பாடத்துக்கே உரிய சொற்கள். இன்னொன்று, வாக்கியத்தின் திசையை மாற்றும் சொற்கள்: ‘ஹவ்எவர்’, ‘ஆல்தோ’, ‘வேர்ஆஸ்’, ‘தேர்ஃபோர்’ போன்றவை. ஆசிரியர் முந்தைய வரியை ஏற்கிறாரா மறுக்கிறாரா என்பது இந்தச் சின்னச் சொற்களில்தான் தெரியும். இவற்றைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறவர்கள், ஆசிரியர் மறுத்த கருத்தையே அவருடைய கருத்தாகத் தேர்வில் எழுதிவிடுகிறார்கள்.

நீளமான ஆங்கில வாக்கியம் மிரட்டினால், யார் செய்தார், என்ன செய்தார் என்று எழுவாயையும் வினையையும் முதலில் கண்டுபிடியுங்கள். மற்றதெல்லாம் அவற்றோடு வந்து ஒட்டிக்கொள்ளும். மொத்தப் பத்தியையும் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிப்பது அவசரத்துக்கு உதவும். அதுவே பழக்கமானால் கண் ஆங்கில வரியில் நிற்க மறுக்கும். முதலில் நீங்களே படித்து, புரிந்ததைத் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் செயலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் தெலுங்கு. பள்ளியில் தமிழ். கல்லூரியில் ஆங்கிலம். எதிலும் முழுமை இல்லை என்று தோன்றுகிறது.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். புரிந்துகொள்வதற்கு எந்த மொழி சுலபமோ அதிலேயே யோசியுங்கள், நண்பர்களோடு அதிலேயே பேசி விவாதியுங்கள். கரட்டுக் குறிப்பில் மூன்று மொழியும் கலந்து கிடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சமர்ப்பிக்கும் எழுத்து மட்டும் ஒரே மொழியில் சீராக இருக்க வேண்டும். களப்பணி என்று வரும்போது உங்கள் மொழிகள்தான் பெரிய பலம். தளிப் பக்கத்து விவசாயியிடம் கன்னடத்திலேயே பேசிக் கேட்டு வரும் மாணவருக்குக் கிடைக்கும் தகவல், மொழிபெயர்ப்பாளரை நம்பிப் போகிறவருக்குக் கிடைக்காது.

ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து படித்தால் இரண்டாம் பக்கத்திலேயே தூக்கம் வருகிறது. எப்படிப் படிப்பது?

அப்படி வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. பாடநூல், முடிவாகிவிட்ட விஷயங்களை ஒழுங்குபடுத்திச் சொல்கிறது. ஆய்வுக் கட்டுரை ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆதாரம் காட்டி வாதிடுகிறது. அறிவியல், சமூக அறிவியல் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்கும்: சுருக்கம், முன்னுரை, ஆய்வுமுறை, முடிவுகள், விவாதம், முடிவுரை. முதல் சுற்றில் தலைப்பு, சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, அட்டவணைகள், முடிவுரை இவற்றை மட்டும் பாருங்கள். கட்டுரையின் கேள்வி பெரும்பாலும் முன்னுரையின் கடைசிப் பத்தியில் இருக்கும். பதில் முடிவுரையில் இருக்கும். கால் மணி நேரத்தில் இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா என்று தெரிந்துவிடும். வேண்டும் என்றால்தான் இரண்டாம் சுற்று.

இரண்டாம் சுற்றில் என்ன செய்வது என்பதற்கு நம் ஊர் விஷயம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிந்தவர்களைப் பல ஊர்களில் பார்த்திருப்பீர்கள். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. இந்தப் பிரச்சினை பற்றி நிறையக் கட்டுரைகள் உண்டு. அவற்றில் ஒன்று, ‘எடுத்த மாதிரிகளில் பாதி, வரம்பை மீறின’ என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே அசைன்மென்டில் எழுதிவிடலாமா?

எழுதுவதற்கு முன் கேட்க வேண்டியவை இருக்கின்றன. எந்த வரம்பு? இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 1.5. ஒருவர் 1-ஐயும் இன்னொருவர் 1.5-ஐயும் வரம்பாக எடுத்தால், அதே தண்ணீரை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வேறு வேறு கணக்குச் சொல்வார்கள். மாதிரி எடுத்தது ஐப்பசி மழைக்கு முன்பா, பின்பா? போர்வெல் தண்ணீரா, திறந்த கிணற்றுத் தண்ணீரா? ஊர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், ஏற்கெனவே புகார் வந்த ஊர்களுக்கு மட்டும் போனார்களா? இவை எல்லாவற்றுக்கும் விடை ஆய்வுமுறைப் பகுதியில் இருக்கும். மாணவர்கள் முதலில் தாண்டிப் போகும் பகுதியும் அதுதான். என்னைக் கேட்டால் மற்ற எதைவிட அதற்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும். இரண்டு கட்டுரைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று திகைத்து வருகிறவர்களிடம், ஆய்வுமுறைகளை அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் திகைப்பு அங்கேயே தீர்ந்துவிடும்.

பக்கம் முழுக்க அடிக்கோடு போடுகிறேன். மறுநாள் ஒன்றும் நினைவில்லை.

அடிக்கோடு போடும்போது கை மட்டும்தான் வேலை செய்கிறது. ஒரு பகுதியைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடுங்கள். ‘இதில் என்ன சொன்னார்?’ என்று உங்களையே கேட்டு, இரண்டு மூன்று வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள். திறந்து மீண்டும் படியுங்கள். எரிச்சலாக இருக்கும், மெதுவாகவும் போகும். ஆனால் தேர்வுக்கு முந்தின இரவு மொத்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டிய நிலை வராது.

நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. அகலமான பக்கம் புரிந்ததற்கு, குறுகிய பக்கம் உங்கள் கேள்விகளுக்கும் சந்தேகங்களுக்கும். ஆசிரியர் சொன்னது எது, நீங்கள் நினைத்தது எது என்பது பிரிந்தே இருக்க வேண்டும். அவருடைய சொற்களை அப்படியே எடுத்திருந்தால் மேற்கோள் குறி போட்டு, பக்க எண்ணையும் அப்போதே எழுதிவிடுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்ட பக்க எண்ணைத் தேடி, பிராஜெக்ட் கொடுக்கும் வாரத்தில் நூலகத்துக்கு ஓடுகிறவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

கட்டுரைகளை எங்கே தேடுவது? திறந்தால் பணம் கேட்கிறது.

கூகுள் ஸ்காலரில் தொடங்குங்கள். தலைப்பின் வலப்பக்கத்தில் கோப்புக்கான இணைப்பு இருந்தால் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். அடுத்து, 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை இது திறந்து வைக்கிறது. உங்கள் கல்லூரி அதில் பதிவு செய்திருக்கிறதா, உள்நுழைவது எப்படி என்று நூலகரிடம் கேளுங்கள். கேட்க ஆள் வந்தால்தான் நூலகருக்கும் அதில் ஆர்வம் வரும்.

பிஹெச்டி ஆய்வேடுகளுக்கு ‘ஷோத்கங்கா’ இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வேடுகளை ஏற்றி வைக்கும் தளம் அது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. உங்கள் தலைப்பைப் பற்றி ஏற்கெனவே யாராவது ஆய்வு செய்திருந்தால், அவருடைய நூற்பட்டியலே உங்களுக்குப் பாதி வேலையை முடித்துத் தரும். எல்லா ஆய்வேடும் ஒரே தரம் இல்லை, அதனால் அங்கே அச்சில் இருப்பதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், மதுரைத் திட்டமும் போதுமான அளவு தரும். எங்கும் கிடைக்காத கட்டுரை என்றால், எழுதியவருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பலர் மகிழ்ச்சியோடு அனுப்பி வைப்பார்கள்.

செய்தித்தாளில் வந்ததை ஆதாரமாகக் காட்டலாமா?

ஒரு நிகழ்வு நடந்தது என்பதற்குக் காட்டலாம். ஓர் ஆய்வு முடிவுக்குக் காட்டுவதாக இருந்தால் மூலத்துக்குப் போக வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை நல்ல உதாரணம். அங்கே நடந்த அகழாய்வின் அடிப்படையில், தமிழகத்தில் கி.மு. 2172-இலேயே இரும்புப் பயன்பாடு இருந்தது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. எல்லா நாளிதழ்களிலும் வந்தது. செய்தியைப் படித்தவர்களில் பலர், இரும்பையே சோதித்து வயது கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். கார்பன் காலக்கணிப்பு பொதுவாகக் கரித்துண்டு போன்ற, ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளின் வயதைச் சொல்வது. அந்தக் கரியும் இரும்பும் ஒரே மண்ணடுக்கைச் சேர்ந்தவை என்று காட்டிய பிறகுதான் இரும்பின் காலத்தைப் பேச முடியும். அந்த இணைப்பு எவ்வளவு உறுதி என்பதை அகழாய்வு அறிக்கையில்தான் படிக்க முடியும். செய்தி அதற்கு வாசல் காட்டும், அவ்வளவுதான். நம் மாவட்டத்துக்குப் பெருமை தரும் செய்தி என்பதாலேயே அதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அசைன்மென்ட் எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வருவதில்லை.

பெரும்பாலும் சிக்கல் முதல் வரியில் இருக்காது, தலைப்பில் இருக்கும். ‘கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மா சாகுபடி’ என்று ஒரு மாணவர் தலைப்பு வைக்கிறார். அதில் கேள்வி எதுவும் இல்லை. அதனால் எதை எழுதினாலும் பொருந்தும், எதை விட்டாலும் குறை தெரியாது. இப்படிப்பட்ட தலைப்பின் கீழ் மனம் எங்கே தொடங்கும்? அதையே ‘பர்கூர்ப் பக்கத்தில் பெங்களூரா மாங்காயின் விலையை முடிவு செய்வது யார்: மண்டியா, கூழ் ஆலையா, இடைத்தரகரா?’ என்று கேட்டுப் பாருங்கள். யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், எந்தக் கணக்கைத் தேட வேண்டும், எது வேண்டாம் என்பதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்தே வந்துவிடும்.

கேள்வி கிடைத்ததும், இப்போதைக்கு உங்கள் பதில் என்ன என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, ஆதாரம் சேரச் சேர மாற்றிக்கொள்ளலாம். பிறகு நடுப்பகுதியை எழுதுங்கள். முன்னுரையைக் கடைசியில் எழுதுவதில் தவறே இல்லை. என்ன சொல்லப்போகிறோம் என்று தெரிந்த பிறகுதானே அறிமுகம் செய்ய முடியும்? முதல் பிரதியில் எழுத்துப்பிழை, நடை எதையும் பார்க்காதீர்கள். அடித்தல் திருத்தல் நிறைந்த முதல் பிரதிதான் வேலை நடந்ததற்கு அடையாளம்.

‘பத்தி கோவையாக இல்லை’ என்று கைடு எழுதிக் கொடுத்தார். என்ன அர்த்தம்?

இந்த நான்கு வரியைப் பாருங்கள். ‘கிருஷ்ணகிரி மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற மாவட்டம். இங்கே பல வகை மாம்பழங்கள் விளைகின்றன. விவசாயிகள் பல பிரச்சினைகளைச் சந்திக்கின்றனர். அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்.’ ஒவ்வொரு வரியும் உண்மைதான். ஆனால் வரிகளை இடம் மாற்றிப் போட்டாலும் ஒன்றும் கெடாது. அதைத்தான் உங்கள் கைடு சொல்கிறார்.

இப்போது இது: ‘பெங்களூரா மாங்காய் பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்கே போகிறது. பறித்த காயை அதிக நாள் வைத்திருக்க முடியாது. அதனால் அறுவடை உச்சத்தில் ஆலைகள் கொள்முதலைக் குறைத்தால், நல்ல விலைக்குக் காத்திருக்கும் வாய்ப்பு விவசாயிக்கு இல்லை. கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதாகிறது.’ இதில் எந்த வரியையும் இடம் மாற்ற முடியாது. ஒவ்வொன்றும் முந்தையதைப் பிடித்துக்கொண்டு வருகிறது. எழுதிய பத்தியின் வரிகளை இப்படி மாற்றிப் போட்டு நீங்களே சோதிக்கலாம். அடுத்து, அந்தப் பத்தியில் உள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று பக்கத்தில் எழுதி, விடை வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஆலைகள் கொள்முதலைக் குறைத்தன என்று யார் சொன்னது, எந்த ஆண்டு? அங்கேதான் மேற்கோள் குறிப்பு வர வேண்டும்.

எது கருத்துத் திருட்டு? 10 விழுக்காடு வரை இருக்கலாம் என்கிறார்களே?

2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த விதிமுறைகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அவற்றின்படி, உங்கள் எழுத்துக்கும் பிறர் எழுத்துக்கும் உள்ள ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியையே கொடுக்க முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்தாகும். மேற்கோள் காட்டி முறையாக எடுத்த பகுதிகளும் நூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது. இந்த விதிகள் முதுநிலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கும் வெளியிடும் கட்டுரைகளுக்கும்தான். சாதாரண அசைன்மென்டுகளை அவை கணக்கில் எடுப்பதில்லை. அதனால் இளநிலையில் மூன்று ஆண்டும் பார்த்து எழுதிப் பழகிவிட்டு, முதுநிலையில் திடீரென்று மாட்டிக்கொள்கிறார்கள்.

‘10 வரை திருடலாம்’ என்று யாரும் அனுமதி தரவில்லை. மென்பொருள் எண்ணுவது சொற்களின் ஒற்றுமையை. யாருடைய கருத்து என்று அதற்குத் தெரியாது. சொல்லை மாற்றி வைத்தால் போதும் என்ற நினைப்பும் இங்கிருந்துதான் வருகிறது. உதாரணத்துக்கு மூல வாக்கியம் இப்படி இருக்கட்டும்: ‘கடினப் பாறைப் பகுதிகளில் நீர் பாறையோடு நெடுங்காலம் தொடர்பில் இருப்பதால் ஃபுளோரைடு கரைந்து சேர்கிறது.’ இதை ‘கடினமான பாறை உள்ள இடங்களில் தண்ணீர் பாறையோடு வெகுநாள் தொடர்பில் இருப்பதால் ஃபுளோரைடு கரைந்து கலக்கிறது’ என்று எழுதினால், அது பார்த்து எழுதியதுதான். புத்தகத்தை மூடி, கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினால் வேறு மாதிரி வரும்: ‘கிணற்று நீரில் ஃபுளோரைடு எவ்வளவு சேரும் என்பதைப் பாறையின் தன்மை மட்டும் முடிவு செய்வதில்லை. அந்தப் பாறையில் நீர் எவ்வளவு காலம் தங்கியது என்பதும் முக்கியம் என்று இவர்கள் விளக்குகிறார்கள்.’ இதன் பிறகும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட வேண்டும். சொற்கள் உங்களுடையவை, கருத்து அவர்களுடையது.

சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கலாமா?

உங்கள் துறை என்ன அனுமதிக்கிறது என்று முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள். என் கருத்து: எழுதி வாங்காதீர்கள். எழுதும்போதுதான் யோசனை நடக்கிறது. அதை வேறொன்றிடம் ஒப்படைத்தால் பட்டம் கிடைக்கலாம், திறமை கிடைக்காது. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகள் இதை இழப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் வேலைக்கான நேர்காணலில் அவர்களுக்காகப் பேச வேறு யாரும் வரப்போவதில்லை. புரியாத பகுதியை விளக்கச் சொல்லிக் கேட்பதும், நீங்கள் எழுதிய பத்தியில் எது தெளிவாக இல்லை என்று கேட்பதும் நல்ல பயன்பாடுகள். ஒன்றை மறக்காதீர்கள். இல்லாத கட்டுரைகளை இருப்பது போல, ஆசிரியர் பெயர், இதழ் பெயர், ஆண்டு எல்லாவற்றோடும் இந்த மாதிரிச் செயலிகள் எழுதித் தரும். நீங்களே திறந்து பார்க்காத எந்தக் கட்டுரையையும் நூற்பட்டியலில் சேர்க்கக் கூடாது.

நூற்பட்டியலில் நம் ஊர்ப் பெயர்களை எப்படி எழுதுவது?

ஏபிஏ, எம்எல்ஏ போன்ற மேற்கோள் முறைகள் குடும்பப் பெயரை முதலில் கேட்கின்றன. நமக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து தகப்பனார் பெயரைக் குறிப்பது. எனவே தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமியை ‘நாகசாமி, இரா.’ என்று அவர் பெயரின் கீழேயே அகரவரிசைப்படுத்துங்கள். ஆங்கிலத் தரவுத்தளங்கள் சில சமயம் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கிவிடும். கட்டுரையின் முதல் பக்கத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். எந்த முறை வேண்டும் என்று துறையில் கேட்டுக்கொண்டு, தொடக்கம் முதல் கடைசி வரை அதையே பின்பற்றுங்கள். சோடெரோ என்ற இலவச மென்பொருள் தமிழ் நூல்களையும் ஏற்றுக்கொள்ளும். நூற்பட்டியலைத் தானாகவே அமைத்துக் கொடுக்கும்.

டைப்பிங் சென்டரில் அடித்த ஆய்வேட்டை என் கணினியில் திறந்தால் எழுத்தெல்லாம் குழம்பித் தெரிகிறது.

பழைய எழுத்துரு ஒன்றில் அடித்திருப்பார்கள். வேலையைக் கொடுக்கும்போதே, எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் ‘யூனிகோடில் வேண்டும்’ என்று சொல்லுங்கள். இன்னும் நல்லது, தமிழ்99 விசைப்பலகையைப் பழகி நீங்களே அடிப்பது. திருத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் சென்டருக்குப் போக வேண்டியிருக்காது. யூனிகோடில் இருந்தால், இணையத்தில் யாராவது தேடும்போது உங்கள் ஆய்வு அவர்கள் கண்ணில் படவும் செய்யும்.

ஆங்கில வழியில் சேர்ந்துவிட்டு, தேர்வைத் தமிழில் எழுதலாமா?

பாடம் ஆங்கில வழியில் நடந்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத மாணவர்களை அனுமதிக்கும்படி 2023 ஏப்ரலில் யுஜிசி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பாடத்துக்கு இப்போதைய நடைமுறை என்ன என்பதைத் துறைத் தலைவர் மூலம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே முடிவெடுங்கள். தமிழில் எழுதுவது என்று முடிவு செய்தால் கலைச்சொற்களை ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரு பக்கத்தில் ‘பணவீக்கம்’, அடுத்த பக்கத்தில் ‘விலைவீக்கம்’ என்று வந்தால் திருத்துகிறவர் இரண்டும் வேறு என்று நினைப்பார்.

பிராஜெக்டுக்காக ஊரில் ஆட்களிடம் பேச வேண்டும். எப்படித் தொடங்குவது?

கேள்வித்தாளை நீட்டாதீர்கள். எந்தக் கல்லூரி, எதற்காகக் கேட்கிறீர்கள், சொல்வதை எங்கே எழுதுவீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். பதிவு செய்வதாக இருந்தால் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் வயதுக்குத் தக்கபடி அண்ணா, அக்கா, தாத்தா என்று கூப்பிட்டுப் பேசினால் பேச்சு தானாக வரும். ஆனால் ‘விலை குறைந்ததால் கஷ்டப்படுகிறீர்களா, அண்ணா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். ‘போன சீசனில் யாரிடம் விற்றீர்கள்? விலையை யார் சொன்னார்கள்?’ என்று கேளுங்கள். அன்று இரவே குறிப்புகளை விரித்து எழுதிவிடுங்கள். ஆய்வேட்டில் அவர்கள் பெயர் வேண்டாம், ‘நடுத்தர வயது மா விவசாயி, பர்கூர் வட்டம்’ என்று குறிப்பிட்டால் போதும்.

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டுத்தான் படிக்கிறேன். நேரமே இல்லை.

பஸ்ஸில் சுருக்கங்களை மட்டும் மொபைலில் படியுங்கள். எழுதுவதற்கு வாரத்தில் நான்கு நாள், அரை மணி நேரம், அதே நேரத்தில் ஒதுக்குங்கள். விடுமுறை நாள் முழுவதும் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த நாள் தூங்குவதற்கே வேண்டியிருக்கும், தூங்கவும் வேண்டும்.

‘பணம் கட்டினால் ஒரு வாரத்தில் உங்கள் கட்டுரையை வெளியிடுகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

வேண்டாம். ஒரு வாரத்தில் யாராலும் ஒரு கட்டுரையை ஒழுங்காக மதிப்பிட முடியாது. ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது இதழுக்குப் பதிவு இருக்கிறது என்பதை மட்டும் காட்டும், தரத்துக்கு அது சான்று அல்ல. அந்தக் காசில் நல்ல நூல் இரண்டு வாங்கலாம்.

சமர்ப்பிக்கும் முன் கடைசியாக எதைப் பார்க்க வேண்டும்?

எழுதி முடித்து ஒரு நாளாவது தள்ளி வைத்துவிட்டு, வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியம் நீண்டுவிட்டது என்று பொருள். வேறு துறை நண்பர் ஒருவரைப் படிக்கச் சொல்லி, ‘நான் என்ன சொல்ல வருகிறேன்?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் முதலில் எழுதி வைத்த ஒரு வரிப் பதிலும் ஒத்துப்போகவில்லை என்றால் நடுப்பகுதியில் எங்கோ பிடி விட்டிருக்கிறது. கட்டுரைக்குள் குறிப்பிட்ட ஒவ்வொரு ஆசிரியரும் நூற்பட்டியலில் இருக்கிறாரா, பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் கட்டுரைக்குள் வருகிறாரா என்று பேனா வைத்து டிக் அடியுங்கள். அட்டவணை எண்களைக் கடைசியாக ஒருமுறை சரிபாருங்கள். ஸ்பைரல் பைண்டிங் கொடுப்பதற்கு முன் ஒரு பிரதியை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள், ஜெராக்ஸ் கடைக் கணினியில் மட்டும் விட்டு வராதீர்கள்.